அம்மாவின் ஸ்கேன் படத்தை டிவியும் பார்த்ததா?

வாசகர் கேள்வி:

எங்கள் பழைய டிவி 12 வருடம் உழைத்துவிட்டு ஓய்ந்துபோனது. போன மாதம் புதிதாக ஒரு ஸ்மார்ட் டிவி வாங்கினோம். மாட்ட வந்தவர் வைஃபை பாஸ்வேர்டு கேட்டார், சொன்னேன். திரையில் வரிசையாக ஏதேதோ வந்தது. “எல்லாத்துக்கும் ஓகே குடுத்துட்டே போங்க மேடம்” என்றார், நானும் கொடுத்தேன். இப்போது டிவியைப் போட்டாலே பாதித் திரையை விளம்பரம் அடைத்துக்கொள்கிறது. என் அப்பாவுக்கு 76 வயது. நியூஸ் சேனல் வைக்கப் போய் எங்கேயோ மாட்டிக்கொள்கிறார். ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, டிவியை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொரு விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. அம்மாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது. வெளியூர் டாக்டரோடு வீடியோ காலில் பேசும்போது, அம்மாவுக்கும் தெரியட்டும் என்று லேப்டாப்பை டிவியில் இணைத்தோம். ஸ்கேன் படங்களையும் அதில்தான் பார்த்தோம். சில நாளில் என் போனில் அந்த நோய் சம்பந்தமான விளம்பரங்கள் வர ஆரம்பித்தன. நாங்கள் பேசுவதை டிவி கேட்கிறதா? லேப்டாப்பில் ஓடுவதைப் பார்க்கிறதா? “நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு, விடு” என்கிறார் என் கணவர். ஸ்மார்ட் இல்லாத சாதாரண டிவி எங்காவது கிடைக்குமா? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களை அதிகம் அரிக்கும் கேள்விக்கு முதலில் வருகிறேன். உங்கள் அம்மாவின் ஸ்கேன் படத்தைப் படித்துப் பார்த்து ‘இந்த வீட்டில் இன்ன நோய்’ என்று டிவி குறித்துக்கொள்ளவில்லை. டாக்டர் பேசியதையும் அது எழுதி வைக்கவில்லை. போனில் வந்த விளம்பரங்களுக்குப் பெரும்பாலும் போனே காரணமாக இருக்கும். டாக்டர் ஒரு மருந்தின் பெயரைச் சொன்ன அன்று ராத்திரி, அது என்ன மருந்து என்று நீங்கள் தேடியிருப்பீர்கள். அந்த நிலையில் யாராக இருந்தாலும் தேடுவார்கள். அதனால் லேப்டாப்பை டிவியில் மாட்டியதால் அம்மாவுக்கு ஏதோ கெடுதல் செய்துவிட்டோம் என்ற எண்ணம் இருந்தால், அதை இன்றே விட்டுவிடுங்கள்.

ஆனால் உங்கள் சந்தேகம் வீண் சந்தேகமும் கிடையாது. லேப்டாப் படம் திரையில் ஓடும்போது டிவி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். எப்படி என்று சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

இப்போது வரும் ஸ்மார்ட் டிவிகளில் பெரும்பாலானவற்றில் ஏசிஆர் என்று ஒரு வசதி இருக்கிறது. திரையில் ஓடுவது என்ன என்று டிவியே அடையாளம் கண்டுபிடிக்கும் வேலை அதனுடையது. ஓடும் படத்திலிருந்து அங்கங்கே சில புள்ளிகளின் நிறத்தை அது எடுத்துக்கொள்ளும். சில டிவிகள் ஒலியிலிருந்தும் எடுக்கும். அதையெல்லாம் சுருக்கி ஒரு சிறிய எண் வரிசையாக்கும். கைரேகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரேகை இணையம் வழியாக ஒரு சர்வருக்குப் போகும். அங்கே லட்சக்கணக்கான நிகழ்ச்சிகள், படங்கள், விளம்பரங்களின் ரேகைகள் முன்பே சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். இரண்டும் பொருந்தினால், இந்த டிவியில் இந்த நேரத்தில் இது ஓடியது என்று ஒரு பதிவு விழும். அம்மாவின் ஸ்கேன் படத்துக்கு அந்தச் சேமிப்பில் ஜோடி இல்லை. அதனால்தான் மேலே அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரேகை எடுப்பது டிவியின் திரையிலிருந்து. படம் கேபிளிலிருந்து வருகிறதா, பென் டிரைவிலிருந்து வருகிறதா, எச்டிஎம்ஐ வழியாக லேப்டாப்பிலிருந்து வருகிறதா என்ற பாகுபாடு அதற்குக் கிடையாது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ், டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், மாட்ரிட்டின் கார்லோஸ் மூன்றாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2024-ல் சாம்சங், எல்ஜி டிவிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். டிவியை வெறும் மானிட்டராக, எச்டிஎம்ஐ வழியாக மட்டும் பயன்படுத்தியபோதும் ஏசிஆர் வேலை செய்ததைக் கண்டார்கள். அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. செட்டிங்ஸில் போய் அதை முறையாக அணைத்ததும் அந்த அனுப்புதல் நின்றுவிட்டது.

வீடுகளுக்கு டிவியும் நெட்வொர்க்கும் பொருத்தித் தருவது என் தொழில். இதை நானே ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று, சர்வீஸுக்கு வந்த ஒரு டிவியை அதன் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு நாள் என் மேசையில் வைத்திருந்தேன். ஆப் எதையும் திறக்கவில்லை. லேப்டாப்பை எச்டிஎம்ஐயில் மாட்டி, ஒரு கல்யாண ஆல்பத்தை மட்டும் ஓடவிட்டேன். பக்கத்தில் இன்னொரு திரையில் என் ரூட்டரின் பதிவு: எந்தக் கருவி எந்த முகவரியைக் கூப்பிடுகிறது என்று வரிவரியாக வந்துகொண்டிருக்கும். ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு வரி. அதே முகவரி. மாப்பிள்ளை மாலை போடுகிறார், ஒரு வரி. பந்தியில் யாரோ சிரிக்கிறார்கள், இன்னொரு வரி. ரிமோட்டை எடுத்து, நாலு மெனு உள்ளே போய், அந்த ஒரு அனுமதியை அணைத்தேன். பதிவு அப்படியே நின்றது. அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். புது சாஃப்ட்வேர் இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டதோடு சரி, அந்த முகவரிக்கு ஒரு வரிகூடப் போகவில்லை. அன்றிலிருந்து, எந்த வீட்டில் டிவி மாட்டினாலும் அந்த அனுமதியை அணைக்காமல் நான் படி இறங்குவதில்லை.

உங்கள் வீட்டில் மாட்டியவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அன்றைக்கு இன்னும் ஏழெட்டு வீடு போக வேண்டியிருந்திருக்கும். திரையையும் அதற்குத் தோதாகத்தான் அமைத்திருக்கிறார்கள். ‘எல்லாவற்றுக்கும் சம்மதம்’ என்ற பட்டன் பெரிதாக, ஏற்கெனவே வெளிச்சமாக நிற்கும். ரிமோட்டில் ஓகேயை ஒரு தடவை அழுத்தினால் போதும். வேண்டாம் என்று சொல்வதற்கு அம்புக்குறியைக் கீழே கீழே தட்டிப் போய், ஒவ்வொரு தலைப்பாகத் திறந்து, பொடி எழுத்தில் இருப்பதைப் படித்து, டிக்கை எடுக்க வேண்டும். எட்டடி தள்ளி சோபாவில் உட்கார்ந்து அதை யாரும் படிக்க முடியாது. இதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று நீங்கள் சொன்னது ‘டிவி ஓடினால் சரி’ என்பதுதான். அதனால் கொடுத்த ஓகேயைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தயங்கவே வேண்டாம். நிகழ்ச்சி பார்ப்பதற்கு அது தேவையும் இல்லை.

இனி உங்கள் கணவரின் கேள்வி. ‘மறைக்க என்ன இருக்கு’ என்று நல்ல மனிதர்கள்தான் கேட்பார்கள், அவர்மேல் தப்பில்லை. அவரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள்.

1987-ல் அமெரிக்காவில் ராபர்ட் போர்க் என்ற நீதிபதியை உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்க அதிபர் ரீகன் முன்மொழிந்தார். அந்த நேரத்தில் ஒரு வாரப் பத்திரிகை, போர்க் வீட்டில் வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டுகளின் பட்டியலைக் கடையிலிருந்து வாங்கி அச்சிட்டுவிட்டது. பட்டியலில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, எல்லாம் சாதாரணப் படங்கள். ஆனாலும் அவரை ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் இருவருமே பதறினார்கள். ஒரு குடும்பம் வீட்டுக்குள் உட்கார்ந்து என்ன படம் பார்த்தது என்பது ஊருக்குச் சொல்லும் விஷயமா? மறு வருடமே, 1988-ல், வீடியோ வாடகைப் பதிவுகளை வெளியே கொடுப்பதற்கு எதிராக அங்கே ஒரு சட்டம் வந்தது. அன்றைக்குக் கேசட் கடையில் ஒரு நோட்டில் இருந்த பட்டியலைவிடப் பல மடங்கு நுணுக்கமான பட்டியலை இன்று கூடத்தில் மாட்டிய டிவி எழுதுகிறது.

இரண்டாவது, விசியோ என்ற டிவி நிறுவனத்தின் கதை. 2014 பிப்ரவரி முதல், 1.1 கோடி டிவிகளிலிருந்து, என்ன ஓடுகிறது என்பதை விநாடிக்கு விநாடி திரட்டியதாக அமெரிக்க வர்த்தக ஆணையமும் நியூ ஜெர்சி மாகாண அரசும் அதன்மேல் வழக்குத் தொடுத்தன. உரிமையாளர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை, சம்மதமும் வாங்கவில்லை என்பது குற்றச்சாட்டு. 2017-ல் நிறுவனம் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. என்னைப் பதற வைத்தது இந்தத் தொகை இல்லை. திரட்டியதை அந்த வீட்டின் இணைய முகவரியோடு சேர்த்து மற்ற நிறுவனங்களுக்கு விற்றிருக்கிறார்கள். அந்த முகவரியை வைத்து வயது, பாலினம், வருமானம், கல்யாணம் ஆனவரா, வீட்டில் எத்தனை பேர், படிப்பு, சொந்த வீடா என்றெல்லாம் மேலும் மேலும் ஒட்டிக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். ஒரே வீட்டு வைஃபையில் இருக்கும் டிவியும் போனும் வெளியுலகத்துக்குப் பெரும்பாலும் ஒரே இணைய முகவரியில்தான் தெரியும். அதனால் டிவியில் பார்த்ததை வைத்துப் போனில் விளம்பரம் காட்டுவதும் நடந்தது. உங்கள் விஷயத்தில் போன் தேடல்தான் காரணம் என்று நான் நினைத்தாலும், நீங்கள் சந்தேகப்பட்டது கற்பனை இல்லை என்று சொல்ல இதுவே போதும்.

இந்தப் பட்டியலில் மறைக்க வேண்டியது எது என்று கேட்டால் தனித்தனியாக ஒன்றும் இல்லைதான். ஆனால் மூன்று மாதமாக ஒரு வீட்டில் மருத்துவ நிகழ்ச்சிகள் ஓடுகின்றன, ராத்திரி இரண்டு மணிக்கு டிவி எரிகிறது, பகலில் யாரோ எப்போதும் வீட்டில் இருக்கிறார்கள் என்று சேர்த்துப் படித்தால் உங்கள் வீட்டு நிலைமை வந்துவிடும். அதைச் சொந்தக்காரர்களிடமே நீங்கள் இன்னும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள். தவிர, கணவர் தனக்குக் கவலை இல்லை என்று சொல்லலாம். அந்தத் திரைக்கு முன்னால் அம்மா இருக்கிறார், அப்பா இருக்கிறார், வந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் அந்த ஓகேயை அவர் ஒருவரே கொடுத்துவிட முடியாது.

இவ்வளவும் எதற்காக என்று கேட்பீர்கள். டிவி விற்பதில் லாபம் மிகக் குறைவு. அதே விசியோவின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த பில் பாக்ஸ்டர் 2019-ல் ஒரு பேட்டியில், இது ஆறு சதவீத லாபத்தில் ஓடும் தொழில் என்றும், டிவியை விற்ற பிறகு அதிலிருந்து வரும் வருமானம்தான் முக்கியம் என்றும் வெளிப்படையாகவே சொன்னார். 2021-ல் அந்த நிறுவனத்தின் ஒரு காலாண்டுக் கணக்கில், டிவி விற்றுக் கிடைத்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மொத்த லாபம் விளம்பரம், தகவல் பிரிவிலிருந்து வந்தது. 2024-ல் வால்மார்ட் அந்த நிறுவனத்தை 230 கோடி டாலருக்கு வாங்கியது. பெரிய திரை மலிவாகக் கிடைப்பதற்கும், அப்பாவின் நியூஸ் சேனலுக்கு முன்னால் விளம்பரம் வந்து நிற்பதற்கும் காரணம் ஒன்றுதான்.

மைக் பற்றிக் கேட்டீர்கள். 2015-ல் சாம்சங்கின் விதிமுறையில் ஒரு வரி இருந்ததை ஊடகங்கள் எடுத்துக் காட்டின. குரல் வசதியைப் பயன்படுத்தும்போது நீங்கள் பேசுவதில் சொந்த விஷயம் ஏதாவது இருந்தால் அதுவும் பதிவாகி வேறொரு நிறுவனத்துக்குப் போகும் என்பது அதன் சாரம். அன்று கிளம்பிய பயம் இன்னும் அடங்கவில்லை. உங்கள் ரிமோட்டை எடுத்துப் பாருங்கள். மைக் படம் போட்ட ஒரு பட்டன் இருந்து, அதை அழுத்திப் பிடித்தால்தான் குரலை ஏற்கிறது என்றால், அழுத்தாத நேரத்தைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். கூப்பிட்டாலே பதில் சொல்லும் டிவியாக இருந்தால், அந்த அழைப்பு வார்த்தைக்காக அதன் மைக் எப்போதும் காத்திருக்கும். அப்படிப்பட்ட டிவிகள் பலவற்றில் கீழ்விளிம்பிலோ பின்பக்கத்திலோ மைக்கை அணைக்க ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதைத் தள்ளிவிடுங்கள். கேமரா இருந்தால் கறுப்பு டேப் ஒட்டுங்கள். 2019-ல் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐயின் போர்ட்லாண்ட் அலுவலகமே இந்த டேப் வைத்தியத்தைப் பொதுமக்களுக்குச் சொன்னது. அணைத்த மாதிரி நடித்துக்கொண்டே பேச்சைப் பதிவு செய்யும் டிவி பற்றி 2017-ல் விக்கிலீக்ஸ் வெளியிட்ட ஆவணங்களும் உங்கள் காதுக்கு வந்திருக்கலாம். அது உளவுத்துறையின் கருவி. டிவி இருக்கும் அறைக்கே வந்து பென் டிரைவ் செருகி ஏற்ற வேண்டியது. உங்கள் கூடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மைக்கையும் கேமராவையும் நினைத்துப் பயந்துகொண்டே, ஏசிஆருக்குக் கொடுத்த ஓகேயை அப்படியே விட்டுவைத்திருக்கும் வீடுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு நான் சிபாரிசு செய்வது: டிவிக்கு இணையமே வேண்டாம். ஸ்மார்ட் இல்லாத டிவி கிடைக்குமா என்று கேட்டீர்களே, இணையம் இல்லாத ஸ்மார்ட் டிவிதான் அது. வேறு தேடி அலையாதீர்கள். பெரிய அளவில் சாதாரண டிவி இப்போது அனேகமாக வருவதில்லை. கடைகளிலும் விமான நிலையங்களிலும் தகவல் காட்டத் தொங்கவிடும் வணிகத் திரைகள் உண்டு, ஆனால் அவை நாள் முழுக்க எரிய வேண்டும் என்று செய்யப்பட்டவை, விலை கூடுதல், பலவற்றில் ஆன்டெனா இணைப்பு இருக்காது, சிலவற்றில் ஸ்பீக்கர்கூட இருக்காது. நீங்கள் வாங்கிய திரை நல்ல திரைதான். அதன் வாயை மட்டும் அடைத்தால் போதும்.

வைஃபையை அணைத்தால் மட்டும் போதாது. பாஸ்வேர்டு உள்ளேயே இருக்கும், யாராவது ஒரு தடவை தெரியாமல் தட்டினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். செட்டிங்ஸில் ஃபேக்டரி ரீசெட் என்று இருப்பதைக் கொடுங்கள். டிவி புதிதாக வந்த நிலைக்குப் போகும். மறுபடி அதே கேள்விகள் வரும். இந்த முறை வைஃபை கேட்கும்போது ‘பிறகு’ அல்லது ‘தவிர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணக்கு திறக்கச் சொன்னாலும் அப்படியே. கட்டாயமானது என்று அது சொல்லும் விதிமுறையை மட்டும் ஏற்றுக்கொண்டு, மற்ற எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். கூகுள் டிவி வகையாக இருந்தால் ஆரம்பத்திலேயே ‘பேசிக் டிவி’ என்று ஒரு வழி இருக்கும், அதில் போங்கள். அவசரம் வேண்டாம், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்யுங்கள்.

பிறகு சாஃப்ட்வேர் அப்டேட் வராதே என்பார்கள். வெளியுலகத்தோடு பேசாத டிவிக்கு வெளியிலிருந்து வரும் ஆபத்தும் அந்த அளவுக்குக் குறைவு. படத்திலோ ஒலியிலோ கோளாறு வந்தால், பல நிறுவனங்கள் தங்கள் தளத்தில் அப்டேட்டைப் பதிவிறக்கக் கொடுக்கின்றன. பென் டிரைவில் போட்டு ஏற்றிக்கொள்ளலாம்.

உங்களுக்கு ஆன்லைன் படம், தொடர் வேண்டும் என்றால், எச்டிஎம்ஐயில் செருகும் ஒரு சின்ன ஸ்ட்ரீமிங் பெட்டி வாங்கி, அதற்கு மட்டும் இணையம் கொடுங்கள். அதுவும் முழு யோக்கியம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரின்ஸ்டன், சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் பார்த்தபோது, ரோக்கு பெட்டியின் சேனல்களில் (அதாவது ஆப்களில்) 69 சதவீதத்திலும் அமேசான் ஃபயர் டிவியின் சேனல்களில் 89 சதவீதத்திலும் பார்ப்பவரைப் பின்தொடரும் நிரல்கள் இருந்தன. ஒவ்வொரு ஆப்புக்கும் நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று தெரியத்தான் தெரியும். ஆனாலும் நான் பெட்டியை ஏன் சொல்கிறேன் என்றால், பெட்டிக்குத் தன் வழியாக ஓடுவது மட்டும்தான் தெரியும். லேப்டாப்பை வேறு எச்டிஎம்ஐ துளையில் மாட்டினால் அதைப் பெட்டியால் பார்க்க முடியாது. பிடிக்காவிட்டால் கழற்றி வைக்கலாம், சுவரில் ஆணியடித்து மாட்டிய டிவியை அப்படிக் கழற்ற முடியுமா? பெட்டியின் செட்டிங்ஸிலும் விளம்பரத் தேர்வு, பயன்பாட்டுத் தகவல் என்று இருப்பவற்றை அணைத்துவிடுங்கள்.

ஒருவேளை கணவர், டிவியிலேயே எல்லா ஆப்பும் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், குறைந்தபட்சம் ஏசிஆரையாவது அணையுங்கள். ஏசிஆர் என்ற பெயரில் தேடினால் பல டிவிகளில் கிடைக்காது. சாம்சங்கில் ‘வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’ என்று இருக்கும். எல்ஜியில் ‘லைவ் பிளஸ்’. ரோக்கு டிவியில் ‘யூஸ் இன்ஃபோ ஃப்ரம் டிவி இன்புட்ஸ்’. விசியோவில் ‘வியூயிங் டேட்டா’. சோனி உட்படச் சில டிவிகளில் ‘சம்பா’ என்ற பெயரில் வரும். மாடலுக்கு மாடல் இடமும் பெயரும் கொஞ்சம் மாறும். பிரைவசி, டெர்ம்ஸ், விளம்பரம் என்ற சொற்கள் இருக்கும் மெனுக்களில் தேடுங்கள். விளம்பர அடையாள எண்ணை ரீசெட் செய்து, உங்கள் விருப்பத்தை ஊகித்துக் காட்டும் விளம்பரத்தையும் அணையுங்கள். ரூட்டரில் விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று திறந்து டிவியை அதில் மட்டும் சேருங்கள், வீட்டிலிருக்கும் லேப்டாப்பையும் போனையும் அது எட்டிப் பார்க்காமல் இருக்கும். இந்த வழியில் போனால் ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். புதுப்புது விஷயங்கள் வந்து சேரும். 2024 மார்ச்சில் ரோக்கு தன் புதிய ஒப்பந்தத்தை ஏற்கும்வரை சொந்த டிவியையே பயன்படுத்த முடியாதபடி திரையை மறித்தது. 2025 டிசம்பரில் எல்ஜி டிவிகளில் அப்டேட்டோடு கோபைலட் என்ற ஏஐ உதவியாளர் வந்து உட்கார்ந்துகொண்டது, அதை நீக்க வழியில்லை என்று மக்கள் கொதித்த பிறகுதான் நீக்க வழி செய்வதாக நிறுவனம் சொன்னது. இதனால்தான் என் ஓட்டு இணையம் இல்லாத டிவிக்கு.

இனி அப்பா. கடிதத்தில் அவரைப் பற்றிய அந்த நாலு வரியை நான் இரண்டு தடவை படித்தேன். அவருக்கு டிவி போடத் தெரியாமல் போய்விடவில்லை. 12 வருடம் போட்டவர்தானே. இப்போது ரிமோட்டில் சேனல் பட்டனுக்குப் பக்கத்திலேயே கலர் கலராக ஆப் பட்டன்கள். கட்டைவிரல் கொஞ்சம் நழுவினால் அவர் எங்கேயோ போய்விடுகிறார், திரும்பி வரும் வழியில் விளம்பரம் மறிக்கிறது. இதை அவரிடமும் சொல்லுங்கள், தன் வயதின்மேல் அவர் பழி போட்டுக்கொண்டிருக்கலாம்.

டிவி இணையத்திலிருந்து கழன்றதுமே புது விளம்பரங்கள் வருவது நின்றுவிடும். பிறகு, டிவியைப் போட்டதும் முகப்புத் திரை வராமல் நேராகச் சேனல் வருகிறபடி மாற்றுங்கள். சாம்சங்கில் ‘ஆட்டோரன் ஸ்மார்ட் ஹப்’, எல்ஜியில் ‘ஹோம் ஆட்டோ லாஞ்ச்’ என்பதை அணைத்தால் போதும். மற்ற டிவிகளில் பவர் ஆன் என்ற தலைப்பில், எந்த இணைப்பில் திறக்க வேண்டும் என்று கேட்கும், செட்டப் பாக்ஸ் மாட்டிய துளையைக் கொடுங்கள். அதன்பின் அவருக்கு டிவி ரிமோட்டில் வேண்டியது ஒரே ஒரு பட்டன்தான், மற்றதெல்லாம் செட்டப் பாக்ஸ் ரிமோட். ஆப் பட்டன்களின்மேல் ஒரு துண்டுத் துணி டேப் ஒட்டிவிடுங்கள். பல வீடுகளில் பெரியவர்களுக்கு இப்படி ஒட்டிக் கொடுத்திருக்கிறேன், விரலுக்கே இடம் தெரிந்துவிடும்.

அம்மாவின் அடுத்த வீடியோ காலுக்கு முன்னால் ரீசெட்டை முடித்துவிடுங்கள். லேப்டாப்பை எச்டிஎம்ஐயில் மாட்டி, பெரிய திரையிலேயே பேசுங்கள், ஸ்கேன் படத்தையும் பெரிதாகவே போடுங்கள். டாக்டர் எதைச் சுட்டிக் காட்டுகிறார் என்று அம்மா தானே பார்ப்பது நல்லது, அதை நிறுத்த வேண்டாம். ரீசெட்டில் எங்காவது சிக்கினால், டிவியின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணை மட்டும் எழுதி அனுப்புங்கள், எந்த மெனுவில் என்ன தட்ட வேண்டும் என்று வரிசையாக எழுதித் தருகிறேன். எல்லாம் முடிந்ததும் ரிமோட்டை அப்பா கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். நியூஸ் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.